பூஜையில் வைத்த சர்வர்

இன்னாசி அண்ணன் மேல் ஒரு பழி இருக்கிறது. ஒரு வருஷமாக அவர் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார். அந்தப் பழி என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாலு பக்கத்துக்கு அவரைப் புகழ்ந்து எழுதிவிட்டுக் கடைசியில் நைசாகக் கழன்றுகொள்வேன். என் சாமர்த்தியம் எனக்குத் தெரியும்.

அவருடைய ஊர் ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே, பத்து நிமிஷம் நடந்தால் முடிந்துவிடுகிற ஒரு மாதா கோயில் ஊர். அறந்தாங்கியில் ஐ.டி.ஐ. முடித்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நாலு வருஷம் வயர் இழுத்தார். மனைவிக்கு உடம்பு முடியாமல் போனதும் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த அம்மா பிழைக்கவில்லை. மகள் ஷர்லிக்கு அப்போது ஆறு வயது. மறுபடி வெளிநாடு போகாமல், இன்னொரு கல்யாணமும் செய்துகொள்ளாமல், புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். பதினேழு வருஷம் அங்கேதான் இருந்தார். ஷர்லி நர்சிங் முடித்து அதே மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு மட்டும் ரெண்டு.

நான் பரிமளா. கீரமங்கலம். அந்த மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பு நான்தான். சிஸ்டம் அட்மின் என்பார்கள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பழியில் பாதியை அங்கே இறக்கிவைத்துவிடத் தோன்றும்.

அண்ணன் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் பார்ப்பது அதிகம். படியில் ஏறிக்கொண்டே இருப்பார், திடீரென்று நிற்பார், "மூணாவது மாடி ஏசில பேரிங் போகப் போவுதுங்க" என்பார். ரெண்டு நாளில் போகும். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து லேப்டாப்பை மாட்டி அரை நாள் தேடிய கோளாறை இவர் கதவில் காதை வைத்துச் சொன்னார். அந்தப் பெருமையை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அடக்கமெல்லாம் கிடையாது. சிங்கப்பூர்க் கதையை ஆரம்பித்தால் நம் சாப்பாடு ஆறிப்போகும். அவருடைய டெஸ்டரை யாராவது தொட்டுவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யுபிஎஸ் அறையில் பேட்டரி அளவைக் காட்டுவதற்கென்று ஒரு பழைய கணினி உண்டு. மதியம் சாப்பிடும்போது அதில் தன் பென் டிரைவைச் சொருகிப் பாட்டுக் கேட்பார். மாதா பாட்டும் பழைய சினிமாப் பாட்டும் கலந்து கிடக்கும். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்போது அவர் முகமும் அதற்குத் தகுந்தமாதிரி மாறும். இதை மருத்துவமனையில் அறியாதவர் கிடையாது. நிர்வாக அதிகாரி குணசேகரன் சாரே ஒரு நாள் கதவோரம் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

எங்கள் மருத்துவமனையில் ஆயுத பூஜையை நடத்துவதும் இந்த மாதா கோயில்காரர்தான். பொரி, கடலை, வாழைக்கன்று, கதம்பம் எல்லாம் முதல் நாளே கடைத்தெருவில் வாங்கி வந்துவிடுவார். "நீங்க ஏண்ணே இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சாமி ஒங்களுது. மெஷின் என்னுது. அதுக்கு ஒரு நாள் மரியாத பண்ணணுமுல்ல?" என்றார்.

அவர் வந்த புதிதில் எல்லாப் பெட்டிகளுக்கும் குங்குமத்தை அள்ளி அப்பிவிட்டார். ஃபேனுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் கத்தினேன். அடுத்த வருஷத்திலிருந்து சர்வர் பெட்டிக் கதவில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஒரு பொடி உள்ளே போகாது. பூஜை முடிந்தால் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அதெப்படி முடியும்? ஓடுகிறதை ஓட விடுவோம், ஆனால் கழற்ற மாட்டோம், மாட்ட மாட்டோம், ரிப்பேர் பார்க்க மாட்டோம். அது எங்கள் ஏற்பாடு.

இனி அந்தச் சர்வரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோயாளிகளின் தகவல்கள் அடியில் டேட்டாபேஸில் இருக்கின்றன. மேலே வரவேற்பிலும் வார்டிலும் திரைகள். நடுவில் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்து, கொடுத்ததை வாங்கி உள்ளே வைக்கிற மென்பொருளுக்கு அப்ளிகேஷன் சர்வர் என்று பெயர். இதை அண்ணனுக்கு நான் விளக்கியபோது, "அப்ப இது நம்ம கம்பவுண்டர் மாதிரிங்க. டாக்டர் உள்ள, சனம் வெளிய, இந்தாளு நடுவுல" என்றார். பாடப் புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாக இல்லை.

அந்தக் கம்பவுண்டரைக் கட்டுப்படுத்த அட்மின் கன்சோல் என்று ஒரு பக்கம் உண்டு. அதைக் கட்டிடத்துக்குள் இருந்து மட்டும்தான் திறக்க முடியவேண்டும். ஆனால் எங்கள் சர்வருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் உறைந்து நிற்கிற வியாதி. கீரமங்கலத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஒரு பட்டனை அழுத்திவிட்டு, திரும்ப ஒன்றரை மணி நேரம் போகவேண்டும். மூன்றாவது ஞாயிறு எனக்கு வெறுத்துப்போய்விட்டது. வீட்டிலிருந்து என் செல்போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கிறமாதிரி, வெளியிலிருந்து ஒரு வழியைத் திறந்து வைத்தேன். ரெண்டு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் செய்தேன். ரெண்டு வருஷம் அது திறந்தே கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எந்த ஃபைலிலும் எழுதவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை மென்பொருள் கம்பெனியிலிருந்து அவசர மெயில் வந்தது. அந்த அட்மின் கன்சோலில் ஓர் ஓட்டை. வெளியிலிருந்து ஒரு தகவல் பொட்டலம் வந்தால், யார் அனுப்பியது என்று கேட்பதற்கு முன்பே அதைப் பிரித்து, உள்ளே எழுதியிருக்கிறதைச் செய்துவிடுகிறது. பாஸ்வேர்டே தேவையில்லை. பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு ஆபத்து என்று மதிப்பெண் போட்டு, பேட்சையும், அதாவது ஓட்டையை அடைக்கிற திருத்தத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்கள்.

புதனும் வியாழனும் சர்வரை நிறுத்தினால் டாக்டர்கள் என்னை உயிரோடு விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, புறநோயாளிகள் கிடையாது. இருபது நிமிஷம் நிறுத்தினால் போதும். அன்றைக்கே போட்டுவிடலாம் என்று பேட்சை இறக்கி வைத்துவிட்டு, அண்ணனிடமும் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது அவர் தாம்பாளத்தோடு சர்வர் அறை வாசலில் நின்றார்.

"மேடம், ஏதோ அவசரமாப் போடணும்னு சொன்னீங்களே. நீங்க மொதல்ல அத முடிச்சிருங்க. நான் பூஜைய அரைமணி நேரம் தள்ளி வச்சுக்கிறேன்" என்றார்.

பத்தரை மணி பஸ் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வண்டிகளுக்குப் பூஜை, மாமியார் காத்திருப்பார், பூ விற்கிற சீசனில் கீரமங்கலம் பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடு. பேட்ச் போட்டு ஏதாவது இசகுபிசகாகிவிட்டால் சாயங்காலம்வரை உட்காரவேண்டி வரும். "வேணாம்ணே, பூஜையை முடிங்க" என்றேன். அவர் டேப்பை ஒட்டிப் பொட்டு வைத்தார், சூடம் காட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பையைத் தோளில் மாட்டினேன்.

"அப்ப அந்த வேல?"

"பூஜையில வச்சாச்சுல்லண்ணே. இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவருக்குச் சாமி விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேசக் கூச்சம். தலையை ஆட்டிவிட்டு அறையைப் பூட்டினார். எனக்குச் சாமி மேல் அவ்வளவு பயமெல்லாம் இல்லை. பஸ்ஸுக்காகச் சாமியை இழுத்தேன். ஜன்னலோர சீட் கிடைத்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில் படுத்திருந்தேன். அண்ணனிடமிருந்து போன்.

"மேடம், சர்வர் ரூமுல ஃபேன் சத்தம் ஒரு மாதிரியா இருக்குங்க. வெளிய வராண்டா வரைக்கும் கேக்குது. ஆளே இல்லாத நாள்ல இது எதுக்கு இம்புட்டு மூச்சு வாங்குது? கதவத் தொறந்து ஒயரப் புடுங்கிவிடவா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. பேக்கப் ஓடும். பூஜையில இருக்கு, தொடாதீங்க."

"இல்லீங்க, பேக்கப் சத்தம் எனக்குத் தெரியும். இது வேற சத்தம்."

"அண்ணே, நான்தானே பாத்துக்கிறேன்? தொடாதீங்க" என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

அவர் தொடவில்லை. மற்றவர்களையும் தொட விடவில்லை. சாயங்காலம் வார்டுகளில் சிஸ்டம் திறக்கவில்லை என்று ரெண்டு மூன்று பேர் வந்து கேட்டபோது, "பூஜையில இருக்கு, மேடம் சொல்லியிருக்காங்க" என்று திருப்பி அனுப்பினார். அவர்களும் சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இன்னொரு நாளாக இருந்தால் எனக்கு இருபது போன் வந்திருக்கும். அன்றைக்கு ஒட்டுமொத்த மருத்துவமனையும் அது சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று நம்பியது.

சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு திரையிலும் ஒரே ஆங்கிலக் கடிதம். உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பேசுங்கள் என்று. பேக்கப்பை, அதாவது எல்லாவற்றின் நகலையும் வைத்திருந்த டிஸ்க்கும் அந்தச் சர்வரிலேயே மாட்டியிருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. அதையும் அங்கே மாட்டியவள் நான்தான்.

டயாலிசிஸ் மெஷின்கள் ஓடின. ஆனால் யாருக்கு எவ்வளவு நீர் இறக்கவேண்டும், யாருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் பூட்டிய ஃபைலில் இருந்தது. புதிதாக வந்திருந்த டியூட்டி டாக்டர் விவரம் இல்லாமல் ஊசி குத்தமாட்டேன் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து பேரைத் திங்கட்கிழமை வரச்சொல்லி அனுப்பினார்கள். அனுப்புகிற வேலை ஷர்லிக்கு. அதில் ஒருவர் மூக்காயி அம்மா, ஆவுடையார்கோவில் பக்கம்தான், மூன்று பஸ் மாறி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நுரையீரலில் நீர் ஏறி மூச்சுத் திணறிவிட்டது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு பிடிமானம் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். குணசேகரன் சாருக்கு ஒரு பதில் சீக்கிரம் வேண்டும், முதலாளிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிபுணர் கட்டிடத்தைச் சுற்றி வந்ததில் யுபிஎஸ் அறைக் கணினியில் சொருகியிருந்த பென் டிரைவ் கண்ணில் பட்டது. சோதித்தார். அதில் ஏதோ பழைய, ஒன்றுக்கும் உதவாத வைரஸ் ஒன்று இருந்தது. எந்த பிரவுசிங் சென்டரிலோ பாட்டு ஏற்றும்போது ஒட்டியிருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

"சர்வர் லாக் இருக்கா மேடம்?" என்று என்னைக் கேட்டார். யார், எப்போது, எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்கிற பதிவு அது.

"அதுவும் பூட்டிக்கிச்சு சார்."

அது பாதி உண்மை. சர்வரில் இருந்தது பூட்டிக்கொண்டது. மணிக்கு ஒரு தடவை அதன் நகல் என் லேப்டாப்புக்கு வருகிறமாதிரி நானே செய்து வைத்திருந்தேன். முந்தின இரவே அதைப் பார்த்துவிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு பதினேழுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு முகவரியிலிருந்து அட்மின் கன்சோலுக்கு ஒரு பொட்டலம். நான் திறந்து வைத்த வழியாக, நான் அடைக்காத ஓட்டைக்குள்.

இன்னாசி அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பென் டிரைவ் உன்னுடையதா என்றார்கள். ஆமாம் என்றார். அனுமதி வாங்கினாயா என்றார்கள். இல்லை என்றார். அந்த ஒரு பாட்டை முழுக்க நின்று கேட்ட குணசேகரன் சார் அப்போது மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் வாயில் கொழுக்கட்டை.

வெளியே வந்ததும் அண்ணன் வராண்டாவில் எனக்காக நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஏம்மா, எம் பென் டிரைவாலதானா இம்புட்டும்? அந்த ஃபேன் சத்தமும் அதாலதானா? நீங்க சொல்லுங்க, நான் ஏத்துக்கிறேன்."

அவர் என்னைத்தான் நம்பினார். நிபுணரை இல்லை, அதிகாரியை இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அப்படித்தாண்ணே சொல்றாங்க" என்றேன்.

பூஜையைத் தள்ளி வைக்கிறேன், முதலில் உங்கள் வேலையை முடியுங்கள் என்று காலையில் தான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்ததையும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. குற்றம் தன்னுடையது என்று அவர் முழுசாக நம்பிவிட்டார். அன்று சாயங்காலமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். டெஸ்டரைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு போனார்.

ஷர்லிக்கு நடந்தது அதைவிட மோசம். மூக்காயி அம்மாவின் சொந்தக்காரர்கள் டயாலிசிஸ் பிரிவு வாசலில் நின்று, "ஒங்கப்பன் பாட்டுக் கேக்க எங்காத்தா உசுரா கெடச்சுச்சு?" என்று கத்தினார்கள். அவள் ரெண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு கோயம்புத்தூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம், "ஒங்களால எனக்கு இந்த ஊருல தலை நிமிர முடியலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேசுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்தேன்? திறந்திருந்த வழியை அடைத்தேன். ஓட்டையை அடைத்தேன். பேக்கப்பைத் தனியே வைத்தேன். மூன்று மாதப் பழைய பேக்கப் ஒன்று கிடைத்து மருத்துவமனை மீண்டும் ஓடத் தொடங்கியபோது, நிலைமையைத் திறமையாகச் சமாளித்ததற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடை மடித்தது மடித்தபடி பீரோவில் கிடக்கிறது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குணசேகரன் சார் கூப்பிட்டார். "இன்னாசி இல்லல்ல, சர்வர் ரூமுக்கு நீங்களே பொட்டு வச்சிருங்க மேடம்" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போய்ப் பெட்டிக் கதவு முன்னால் நின்றேன். போன வருஷம் அவர் ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. அதன் மேல் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு வருஷமாக நான் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை. ஓரத்தில்கூடப் பிய்யாமல் அவ்வளவு நேராக ஒட்டியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரைத் தேடிப் போனேன். அறந்தாங்கியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றார்கள். ஸ்டாண்டில் கேட்டால், "இந்நேரம் ஜி.எச். வாசல்ல இருப்பாருங்க. வாரத்துல ரெண்டு நாளு அங்கிட்டுத்தான்" என்றார்கள். அரசு மருத்துவமனை வாசலில் வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தி உள்ளே உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம். இங்கிட்டு எங்க? ஒடம்புக்கு முடியலையா?"

"இல்லண்ணே. நீங்க இங்க?"

"மூக்காயி அக்காவுக்கு உள்ள டயாலிசிஸ் ஓடுது. நாந்தான் கூட்டியாந்து கூட்டிப்போறேன். மொதல்ல அவுக வீட்டுல என்னைய வாசல்லயே ஏத்தல. அப்புறம் ஏத்துக்கிட்டாங்க. என்னால ஆனது, நாந்தானே பாக்கணும்?"

அதைக் கேட்ட பிறகு சுற்றி வளைக்க எனக்கு வழியில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திறந்து வைத்த வழி, புதன்கிழமை மெயில், பத்தரை மணி பஸ், லாக், நான் சொன்ன பொய். லாக்கைக் காகிதத்தில் எடுத்துப் போயிருந்தேன், அந்த வரியைக் காட்டினேன். நான் முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்.

"அப்ப அந்த ஃபேன் சத்தம்?"

"அவங்க உள்ள வந்து ஃபைல ஒவ்வொண்ணாப் பூட்டிக்கிட்டு இருந்தாங்கண்ணே. பெட்டிக்கு வேலை ஜாஸ்தியாகி ஃபேன் வேகமா ஓடியிருக்கு."

"நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."

"ஆமாண்ணே."

"ஒயரப் புடுங்கியிருந்தா?"

இதற்கும் பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "பாதிக்கு மேல தப்பிச்சிருக்கும்ணே. டயாலிசிஸ் ஃபைலெல்லாம் நாலு மணிக்கு மேலதான் பூட்டியிருக்கு."

அவர் ஆட்டோவை விட்டு இறங்கினார். துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஈஸ்டருக்கு முன்னால மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல, செஞ்ச பாவத்தச் சொல்லி, சாமியார்கிட்ட முழங்கால் போட்டு அழுதேன். ஒரு பொம்பள சாகப் பாத்துச்சு, என் ஆசையால வந்த வினைன்னு. அவரு மன்னிப்புக் குடுத்தாரு. அப்ப நான் செய்யாத பாவத்துக்கா மன்னிப்பு வாங்கியாந்தேன்? செஞ்சவங்க நீங்க வீட்டுல சும்மா இருந்திருக்கீங்க."

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

"அது கெடக்கட்டும்." குரல் உயர்ந்தது. பதினேழு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "எம்மக எங்கூடப் பேசிப் பத்து மாசமாச்சு பரிமளா. நான் செஞ்சது தப்புதானேன்னு நானும் கூப்புடல. அவளுக்கு எழுதிக் குடு. ஒன் கையெழுத்துப் போட்டுக் குடு."

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேடம் போய்விட்டது. எனக்கு அது வலித்தது, நியாயமாகவும் இருந்தது.

அன்றே ஒரு பக்கம் எழுதினேன். ஒரு நகலை லாக்கோடு சேர்த்துக் குணசேகரன் சாரிடம் கொடுத்தேன். அவர் ரெண்டு தடவை படித்துவிட்டு, "இப்ப எதுக்கு மேடம் இதைக் கிளறுறீங்க? எல்லாம் அடங்கிப்போச்சுல்ல?" என்றார். அடங்கவில்லை சார், அறந்தாங்கியில் ஒருத்தர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். மறுநாள் என்னைத் தற்காலிகமாக நீக்கி உத்தரவு வந்தது. தற்காலிகம் என்பது மரியாதைக்குப் போட்ட வார்த்தை.

இன்னொரு நகலை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"இதுல தொறந்து வச்ச வழி இருக்கு, பேட்சு இருக்கு, மணி இருக்கு, ஒன் பேரு இருக்கு. நான் எங்க இருக்கேன்?"

நான் காகிதத்தைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன்.

"தப்பு என்னுது இல்லன்னு எழுதியிருக்க. சரி. அது ஆபீசுக்குப் போதும். எம்மவளுக்கு அது காணாது. அவ அப்பன் யாருன்னு அவளுக்கே மறந்துபோச்சு. கூட வேல பாத்தவ நீ. எழுது."

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன், ஷர்லி. லட்டையும் டெஸ்டரையும் சிங்கப்பூர்க் கதையையும் சேர்த்தேன். உனக்கு அவை எனக்கு முன்பே தெரியும். என்மேல் உனக்கு வருகிற கோபம் எவ்வளவு பெரிதானாலும் அது எனக்குச் சேரவேண்டியது, வாங்கிக்கொள்கிறேன். மூக்காயி அம்மா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னை இன்னும் வாசலில் ஏற்றவில்லை.

உனக்கு ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அன்றைக்கு அந்தக் கட்டிடத்தில் நூற்று முப்பது பேர் இருந்தார்கள், விலை உயர்ந்த மென்பொருள் காவலும் இருந்தது. உள்ளே திருடன் நுழைந்ததைக் கண்டுபிடித்தது உன் அப்பா ஒருத்தர்தான். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று காதாலேயே கண்டுபிடித்தார். ஒயரைப் பிடுங்கிவிடவா என்று கேட்டு எனக்குப் போன் செய்தார். நான் தொடாதீங்க என்று சொன்னேன்.